இடமாகச் சுற்றிய ரோபோவும் இளித்துக்கொண்டிருந்த பல்லும்

தண்ணீருக்கடியில் ஓடும் இயந்திரத்தைக் கழற்றிப் பழுது பார்த்துவிடலாம். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மேனேஜரை எந்த ஸ்பேனராலும் சரி செய்ய முடியாது. இதை நான் தெரிந்துகொண்டது ஸ்ரீரங்கத்தில், நீச்சல் குளம் வைத்திருந்த ஒரு ஹோட்டலில். சில வருஷம் ஆகிவிட்டது. நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

அப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் சில மாதம் தற்காலிகம். பிறகு லால்குடியிலிருந்து முதலாளி வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் நிரந்தரம். நிரந்தரம் ஆகாவிட்டால் மறுநாளே பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேர வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். (அவர் மட்டும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டலாம். மகள் மட்டும் கூடாதாம்.) எனக்கு வட்டிக் கணக்கைக் கண்டாலே தலை சுற்றும். அந்த வேலை எனக்கு வேண்டும், எப்படியாவது வேண்டும்.

குளத்தைச் சுத்தம் செய்ய ஒரு ரோபோ இருந்தது. சின்ன சூட்கேஸ் அளவுதான். இரண்டு பக்கமும் ரப்பர் பெல்ட், பெல்ட்டின் உட்புறம் வரிசையாகப் பல். மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும், அந்தச் சக்கரம் பெல்ட்டை இழுக்கும், ரோபோ தரையில் ஊர்ந்தபடி அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். வாய் பேசாமல் வேலை பார்த்தது அந்த ஹோட்டலில் அது ஒன்றுதான்.

அதைக் கெடுத்தது மணல். அம்மா மண்டபப் படித்துறையில் இறங்கிக் காவிரியில் முழுக்குப் போட்ட விருந்தினர்கள் ஈரத் துணியோடு நேராக வந்து எங்கள் குளத்திலும் ஒரு முழுக்குப் போடுவார்கள். அங்கே புண்ணியம், இங்கே ஜாலி. காலிலும் வேட்டி மடிப்பிலும் வந்த மணல் எல்லாம் குளத்தின் தரையில் படியும், அங்கிருந்து பெல்ட்டுக்குள் போய் அரைபடும். குளத்துப் படிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வையுங்கள், உடம்பை அலசிவிட்டு இறங்கச் சொல்லுங்கள் என்று மேனேஜர் சம்பத்திடம் தொண்டை வறளச் சொன்னேன்.

"காவேரி மணலும்மா. அதைக் கழுவிட்டு வாங்கன்னு கெஸ்ட்டுகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

முதலாளி வரவிருந்த வாரத்தில் ரோபோ நேராகப் போக மறுத்தது. ஒரே இடத்தில் இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்த வட்டம் மட்டும் பளபளவென்று இருக்க, மிச்சக் குளம் முழுக்கப் பாசி பிடித்தது. அந்தக் குளத்தைக் காட்டி யாரிடம் போய் நிரந்தரம் கேட்பது?

சம்பத் வந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஏம்மா, இது அப்பிரதட்சிணமா சுத்துதே."

"ஒரு பக்கம் இழுக்கல சார். அதான் திரும்புது."

"அது இருக்கட்டும். பெருமாள் ஊர்ல இடமா சுத்துற ஒண்ண வச்சிருக்கலாமா? முதலாளி பார்த்தா என்ன நினைப்பார்?"

(கோயிலை வலமாகத்தான் சுற்றுவோம், ஒத்துக்கொள்கிறேன். குளம் பெருக்கும் ரோபோவுக்கும் அந்த விதி உண்டென்று எனக்குத் தெரியாது.)

ரோபோவைத் தூக்கிக் கரையில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்க பெல்ட்டின் பல்லெல்லாம் மழுங்கி வழவழவென்று இருந்தது. ஆனால் மோட்டாரும் போயிருந்தால்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. இடது பெல்ட்டை வலப்பக்கமும் வலது பெல்ட்டை இடப்பக்கமும் மாற்றிப் போட்டு ஓட்ட வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி பெல்ட். மாறாவிட்டால் மோட்டார்.

மாற்றிப் போட்டுத் தண்ணீரில் விட்டேன். ரோபோ இப்போது வலப்பக்கமாகச் சுற்றியது. பெல்ட்தான், மோட்டாருக்கு ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால் சம்பத் போனில் முதலாளியோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"சரியாயிடுச்சுங்க. இப்ப பிரதட்சிணமாவே சுத்துதுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"சார், சரியாகல. புது பெல்ட் வாங்கணும்."

"இப்ப வலமாத்தானே சுத்துது?"

"சுத்தவே கூடாது சார். நேரா போகணும்."

"இடமா சுத்தினத வலமா மாத்திட்ட. கெட்டிக்காரிதான். இதோட விட்டுடும்மா. முதலாளிகிட்ட சொன்னப்புறம் பார்ட் கேட்டா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

பொய் சொன்ன மாதிரியாம். அதற்குப் பிறகு தினமும் கேட்டேன், தினமும் இதே பதில். ரோபோ தினமும் பக்தியோடு வலம் வந்தது. பாசி பச்சையிலிருந்து கரும்பச்சைக்குப் போனது.

முதலாளி வரும் நாளும் வந்தது. தேய்ந்த பல்லை அவர் கண்ணிலேயே காட்டிவிடுவது என்று தீர்மானித்து, கரையில் உட்கார்ந்து பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சம்பத் வந்து எதிரில் நின்றார்.

"முதலாளி குளத்தப் பத்திக் கேட்டார்மா. நீ கழட்டி மாட்டினதுக்கு அப்புறந்தான் பாசி வந்துச்சுன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காத."

அந்த நேரம் பார்த்து பெல்ட் கையோடு வந்துவிட்டது. ஈரமும் பாசியுமாக இருந்ததை அப்படியே விசிறி அடித்தேன். சம்பத் குனிந்துவிட்டார். (அந்த மனிதர் வாழ்க்கையில் சுறுசுறுப்பாகச் செய்த ஒரே காரியம் இதுதான்.) அவருக்குப் பின்னால், தரிசனம் முடித்து, வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில் முதலாளி வந்து நின்றிருந்தார். பெல்ட் அவர் நெஞ்சில் சப்பென்று விழுந்து, ஒரு பச்சைக் கோடு போட்டபடி வயிறு வரை இறங்கியது.

அவர் பெல்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"பெல்ட்டுங்க. பல்லு தேஞ்சு போச்சு. மாத்தணும்."

"என் மேல ஏன் வந்துச்சு?"

"உங்களுக்கு இல்லீங்க. சம்பத் சாருக்குப் போட்டது."

அவர் சட்டையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், கடைசியில் சம்பத்தைப் பார்த்தார். "பெல்ட்டையும் மாத்திடு, இந்தப் பொண்ணையும் மாத்திடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வருத்தத்தில் இல்லை, அத்தனையும் ஆத்திரம். நான் சொன்னது சரி. பெல்ட்டை மாற்றச் சொல்லி அவர் வாயாலேயே வந்துவிட்டது. வேலை போனது மட்டும் எனக்கு. அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "பேங்க் கவுண்டர்ல எதிர்ல கண்ணாடித் தடுப்பு வச்சிருப்பான். அதுக்குத்தான் தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றார்.

கோச்சிங்கில் சேர்ந்தேன். வட்டிக் கணக்கு தொடங்குவதற்குள் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. புது பெல்ட்டையும் மணல் தின்றுவிட்டதாம். குழாய் வைத்தால்தான் வருவேன் என்றேன். வைத்தார்கள். இன்று திருச்சியில் குளம் இருக்கும் பல இடங்களுக்குப் பழுது பார்க்க நான்தான் போகிறேன். அந்த நிரந்தர வேலையை மட்டும் யாரும் தரவில்லை. சம்பத் இப்போதும் அங்கேதான் மேனேஜர். நான் டூல் பையைத் திறந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். மன்னிப்பு கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. குறி தப்பியதில்தான் வருத்தம்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா முதலில் சொன்னதே இந்தக் கதையைத்தான். எல்லாம் தெரிந்தேதான் என் கணவர் கட்டிக்கொண்டார். வீட்டில் சண்டை ஆரம்பித்தால் பதில் சொல்ல மாட்டார். முதலில் பக்கத்தில் வந்து, என் கையிலிருக்கும் தோசைக் கரண்டியை வாங்கி அலமாரியில் வைப்பார்.

"இப்ப சொல்லு. சம்பத் மாதிரி எனக்குக் குனிய வராது."