பூந்தொட்டிக்குச் செய்த நரம்பு வைத்தியம்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

கண்ணாடிக் கடைக்காரனான உங்கள் மைத்துனன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகமும் அக்காவின் சுகமும் அறிய ஆவல் என்றுதான் வழக்கமாகத் தொடங்குவேன். அக்காவின் சுகத்துக்கு உலை வைத்தவனே நான்தான் என்று ஆகிவிட்ட பிறகு அந்த வரியைப் போட எனக்குக் கூசுகிறது. ஆகையால் உங்கள் சுகத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று அக்கா போனில் கூப்பிட்டாள். "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு அத்தான் சொல்லிட்டாருடா. டாக்டர் குடுத்த தேதியையும் வேணாம்னு சொல்லிட்டாரு. உனக்கு அவர் பொடியிலயே கை நடுக்கம் நின்னுடுச்சாம், அப்புறம் எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேக்கறாரு. எனக்கு இப்பல்லாம் ரவிக்கை ஊக்குகூட மாட்ட முடியலடா. உனக்கு நிஜமாவே நின்னுடுச்சா?" என்று கேட்டாள். நான் "ஆமாக்கா" என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் அப்பாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்த சொத்து அந்த நடுக்கம் ஒன்றுதான். அதிலும் அவளை நான் ஏமாற்றிவிட்டேன்.

நடுக்கம் வந்த கதை உங்களுக்குத் தெரியும். அது என்னை எவ்வளவு கேவலப்படுத்தியது என்பதுதான் தெரியாது. மூக்குக்கண்ணாடியின் திருகாணி கடுகைவிடச் சிறியது. அதை இடுக்கியில் எடுத்து ஓட்டைக்கு நேரே கொண்டுபோகும்போது கை ஆடினால் அது எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் அவர் காலடியில் தவழ்ந்துகொண்டு, கயிற்றில் கட்டிய காந்தத்தால் தரையைத் துழாவிக்கொண்டிருப்பேன். ஒரு டீச்சரம்மா மேலிருந்து குனிந்து பார்த்து, "நீங்க மொதல்ல நல்லதா ஒரு கண்ணாடி போட்டுக்கங்களேன்" என்றார். சிரித்து மழுப்பினேன். அவர் அதற்குப் பிறகு எதிர்க்கடைக்குப் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அப்போதுதான் உங்கள் மருந்துக் கூடத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க மாப்ள, நரம்பு தளர்ந்திருக்கு, மூளை சொல்றது கைக்கு ஒழுங்கா போய்ச் சேரல, அவ்வளவுதான்" என்று சொல்லி, அமுக்கரா, வல்லாரை, பேர் தெரியாத இன்னும் சில வேர்கள் எல்லாம் இடித்துச் சலித்த பொடியைக் கொடுத்தீர்கள். அதைக் கஷாயம் வைத்துக் காலையும் மாலையும் குடிக்கச் சொன்னீர்கள். அத்தான், முதல் நாள் குடித்தேன், சத்தியம். குடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது, காது அடைத்தது, கை நடுக்கத்தோடு சேர்ந்து தலையும் நடுங்கியது. மறுநாள் டம்ளரை வாயருகே கொண்டுபோனேன், வாய் திறக்க மறுத்துவிட்டது. இவள், என் மனைவி, அந்தப் பக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்துத் தொட்டியில் ஊற்றிவிட்டேன், பாத்திரம் கழுவும் தொட்டியில்.

இப்படியே தினமும் ஊற்றியதில் குழாய் அடைத்துக்கொண்டது. குழாய்க்காரர் வந்து கம்பியை விட்டு இழுக்க, கறுப்பாக, நாராக, ஏதோ வந்துகொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "என்ன சார், உள்ள மரம் ஏதாவது நட்டீங்களா?" என்று கேட்டார். இவள் என்னைப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கஷாயத்தைப் பாட்டிலில் ஊற்றிக் கடைக்கு எடுத்துப்போய், "அங்க போய்க் குடிச்சுக்கறேன்" என்று சொல்லி, வாசலில் இருக்கும் பூந்தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன். அந்தச் செடி இன்றைக்கும் அமோகமாக இருக்கிறது. லாரி போனால் தெருவே அதிரும், அது மட்டும் ஆடுவதில்லை. இந்தப் பாவமெல்லாம் செய்ததாலோ என்னவோ, அப்போதிலிருந்து காலைக் காபிகூட எனக்குக் கசந்தது. மனசு உறுத்தினால் நாக்கும் கசக்கும் போலிருக்கிறது.

இந்தக் கூத்துக்கு நடுவில் மகள் வந்து என்னைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் சின்ன வயது, ஆனால் பொறுமைசாலி. முதலில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார், எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். "மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல. தலைக்கு மேல காந்தம் வெச்சு மூளையைத் தூண்டிவிடற சிகிச்சை ஒண்ணு இருக்கு. இந்த நடுக்கத்துக்கு அது இன்னும் சோதனையிலதான் இருக்கு. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. செஞ்சு பாக்கலாமா? வேற ஏதாவது மருந்து, கஷாயம்னு சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். நான் சாப்பிடவில்லையே, செடிதானே சாப்பிட்டது. ஆனாலும் அதைச் சொல்லும்போது உங்கள் முகம் கண்முன் வந்தது.

காந்த சிகிச்சையின் முதல் நாளே அங்கே என் மானம் கப்பலேறியது. கடையிலிருந்து மகளோடு நேரே போயிருந்தேன். திருகாணியைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வேலை பார்ப்பது என் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும், அதற்காக அக்காவிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அங்கே இருந்த நர்ஸம்மா, "உலோகம் எதுவும் உடம்புல இருக்கக் கூடாது" என்றார். கைக்கடிகாரம், சாவி, மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் இருந்தது நினைவில்லை. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். திருகாணி நழுவாமல் ஒரு பக்க வாயால் பதில் சொன்னேன், அப்படிப் பேசியே பழகிவிட்டது. அவர் முகம் மாறிவிட்டது. "டாக்டர், இவருக்குப் பேச்சு குழறுது, வாய் ஒரு பக்கமா இழுக்குது" என்று குரல் கொடுத்தார். நாலு பேர் ஓடி வந்தார்கள். என்னைப் படுக்க வைத்தார்கள். கால்சட்டையை விட மாட்டேன் என்றதும், "வலது கை விறைச்சிருக்கு" என்று ஒருவர் சொன்னார். டாக்டர் மூச்சு வாங்க வந்து, "சிரிங்க" என்றார். பயத்தில் ஒரு பக்கமாகத்தான் சிரிப்பு வந்தது. "நாக்கை நீட்டுங்க" என்றார். நீட்டினேன். நாக்கின் நுனியில் திருகாணி உட்கார்ந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை, அத்தான். சிரித்திருந்தால்கூடத் தேவலை. டாக்டர் அதை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வைத்து, "இது மட்டும்தானா?" என்றார். "ரெண்டு இருந்துச்சு" என்றேன். வயிற்றைப் படம் எடுத்தார்கள். இன்னொன்று அப்புறம் என் சட்டைக் காலரில் அகப்பட்டது. மகள் வீடு வரும்வரை என் சட்டைப் பைகளை உதறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த தடவையிலிருந்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நாற்காலியிலேயே உட்காரவிட்டார்கள். தலைக்கு மேல் காந்தச் சுருளை வைப்பார்கள், அது மரங்கொத்தி கொத்துவது போல டக் டக் என்று தட்டிக்கொண்டிருக்கும். வலியெல்லாம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு கோடு வரையச் சொன்னார். கடையில் செய்வது போலவே மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். கோடு நூல் பிடித்தாற்போல் வந்தது. டாக்டருக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தத் தாளை எடுத்துப்போய் மற்ற டாக்டர்களிடம் காட்டினார். திருகாணிக்காக என்னை மன்னித்துவிட்டது போலவும் இருந்தது.

அன்று சாயங்காலமே நீங்கள் போன் செய்து, "என்ன மாப்ள, கை எப்படி இருக்கு?" என்றீர்கள். "நின்னுடுச்சு அத்தான்" என்றேன். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றீர்கள். உங்கள் குரலில் இருந்த பூரிப்பைக் கேட்ட பிறகு, அது காந்தத்தால் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அது என் கோழைத்தனம். மறுவாரமே நீங்கள் நரம்புக் கோளாறுள்ளவர்களையெல்லாம் என் கடைக்கு அழைத்து வந்து, "இவரைப் பாருங்க" என்று நிறுத்தி, கையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தீர்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எல்லோரும் உங்களைக் கும்பிட்டார்கள். பின்னால் அந்தப் பூந்தொட்டி செழித்து நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனிமேலும் மறைத்தால் நான் மனிதனே இல்லை. என்னைக் குணப்படுத்தியது காந்தம்தான், உங்கள் பொடி இல்லை. பொடியின் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன், முதல் நாளைத் தவிர அது என் வாய்க்குள்ளேயே போகவில்லை. இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் மண்புழு ஊர்ந்தாற்போல் எழுதியவன் நான். இதில் ஒரு எழுத்தாவது ஆடியிருக்கிறதா? கடையிலும் திருகாணி வேலையெல்லாம் தடங்கலில்லாமல் நடக்கிறது. ஆகையால் தயவுசெய்து என் பேரைச் சொல்லி அக்காவை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். அந்த டாக்டரிடம் அழைத்துப் போங்கள். என்னைத் திட்டுங்கள், வாசலில் ஏறாதே என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கும் அக்காவுக்கும் என் பணிவான நமஸ்காரம். உங்கள் மருந்துக் கூடம் மேலும் மேலும் விளங்க வேண்டும், உங்கள் கைராசி குறையாமல் இருக்க வேண்டும். கஷாயத்தைச் செடிக்கு ஊற்றியவன் வாயிலிருந்து வந்தாலும் இது மனதார வருவதுதான்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: அண்ணா, இது அவர் மனைவி எழுதுவது. மேலே இருப்பதையும் நான்தான் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். எழுத்து ஆடியிருக்கிறதா என்ற இடம் வந்தபோது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கை நிற்கவில்லை, அண்ணா. முன்பு போலவேதான் ஆடுகிறது. ஊன்றிக்கொள்ள ஏதாவது கிடைத்தால் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கத் தெரியும், அது தொழிலில் கற்ற வித்தை. அதை வைத்து அந்த டாக்டரையும் ஏய்த்துவிட்டு வந்தார், உங்களையும் ஏய்த்தார். இரண்டு பேரும் அவ்வளவு ஆசையாகக் கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. கடையில் திருகாணி மாட்டுவது நான்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குழாய் அடைத்த அன்றே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து உங்கள் பொடியைக் கஷாயம் வைத்து வடிகட்டித் தினமும் அவர் காபியில் கலந்து கொடுத்தேன். ஆக, பொடியும் உள்ளே போயிருக்கிறது, காந்தமும் தலையில் தட்டியிருக்கிறது. கைக்கு இரண்டும் கேட்கவில்லை. நான் செய்ததும் தப்புதான். டாக்டரிடம் அதைச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு.

அக்காவை அனுப்பி வையுங்கள். நீங்களும் பொடியோடு வாருங்கள். என்ன கொடுத்தோம், என்ன செய்தோம் என்று எல்லாவற்றையும் அந்த டாக்டர் முன்னால் கொட்டிவிடலாம். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். "எனக்கும் ஆடுதுக்கா" என்று அவர் அவளிடம் ஒரு தடவை சொல்லிவிட்டாலே போதும், அந்த மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கும்.

இதையெல்லாம் இப்போதுதான் அவருக்குப் படித்துக் காட்டினேன். பிறகு பேனாவைக் கேட்டார். கை ஊன்ற இடமில்லாதபடி மேசையைத் தள்ளி வைத்துவிட்டு, கடிதம் வைத்த அட்டையை நான் பிடித்துக்கொள்கிறேன். கீழே இருக்கும் கையெழுத்து அவர் போட்டது. படிக்க முடியாது, ஆனால் அக்காவிடம் காட்டுங்கள்.