மலீஹாவை டிராப் செய்வது யார்?

பாசத்துக்குரிய தங்கை ஃபக்ருன்னிசாவுக்கு, செங்கல்பட்டு பஜாரின் முடிசூடாத சக்கரவர்த்தியும் உன் ஒரே அண்ணனுமான அப்துல் சுபஹான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நான், என் மனைவி மைமூன், எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் உன் மகள் மலீஹா, மூவரும் சுகம். என் சுகம் மட்டும் திங்கட்கிழமையிலிருந்து கொஞ்சம் கெட்டுக் கிடக்கிறது.

இதைப் போனில் சொல்லலாம்தான். நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாய், பக்கத்தில் மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமல்லபுரத்திலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அன்று அவர் சொன்னது மறந்துவிட்டதா? "மச்சான், ஒன்ன நம்பி வுட்டுட்டுப் போறேன். ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்துதுன்னு வை, அன்னிக்கே வூட்டுக்குக் கூட்டிக்கினு பூடுவேன். படிச்ச வரைக்கும் போதும்." ஆகையால் கடிதம். படித்ததும் கிழித்துக் கடலில் போட்டுவிடு. மீனுக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இந்தக் காலத்தில் மீனையும் நம்புவதற்கில்லை.

விஷயம் இதுதான். மலீஹா சேர்ந்திருக்கிற சமுதாயக் கல்லூரியின் மேல் எனக்கு முதல் வாரமே சந்தேகம் விழுந்துவிட்டது. ஜோதிலட்சுமி என்று ஒரு மேடம் போன் செய்து, "சார், மலீஹா நல்லா சாப்புடறாளா? தூங்கறாளா? வீட்ல எதாச்சும் கஷ்டமா?" என்று தேனாய் விசாரித்தார். நீயே சொல்லு, காரணமில்லாமல் ஒருத்தர் இப்படிப் பாசமாகக் கேட்பாரா? இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்கிற ஆள் கூட மூன்றாவது போனில்தானே தூக்கத்தைப் பற்றிக் கேட்பான்! சரி, பொறுத்தேன். திங்கட்கிழமை அதே மேடம், "சார், மலீஹா டிராப் ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு. ஃபர்ஸ்ட் இயர்ல நிறைய பேர் டிராப் ஆவறாங்க" என்றார். அத்தோடு லைன் கட்.

டிராப்! நம்ம ஊரில் டிராப் என்றால் என்ன? ஒருத்தன் பைக்கை உறுமவிட்டு, "ஏறு, காலேஜாண்ட டிராப் பண்றேன்" என்பதுதானே! பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிற பிள்ளையை எவன் டிராப் பண்ணுகிறான்? நிறைய பேர் என்றால், ஊரப்பாக்கம் முதல் கருங்குழி வரை பைக்கில் திரியும் ஒரு படையே இருக்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்த கொதிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அரிசி போட்டிருக்கலாம்.

மறுநாள் காலை வழக்கம்போல் எட்டு மணிக்கு நான் குளித்து வந்ததும், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுக்கு முன்னதாகவே போய், கல்லூரி வாசலில் பன்னீர்செல்வத்தின் இளநீர் வண்டிக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடியும் மப்ளருமாக மறைந்து உட்கார்ந்தேன். வெயில் அந்த நேரத்துக்கே தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா பாய், இந்த வெயில்ல மப்ளரு? ஜுரமா, கடன்காரனா?" என்றான் பன்னீர்செல்வம்.

"அமைதியா இருப்பா. நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கோ."

"இல்லாத ஆளு ஏன் பாய் என் காய் மேல குந்திக்கினு கீற?"

அப்போது வந்தது ஸ்கூட்டர். முன்னால் ஹெல்மெட் போட்ட உருவம், பின்னால் நம் மலீஹா! நான் புலியாய்ப் பாய்ந்தேன். என் மப்ளர் வண்டியில் மாட்டிக்கொள்ள, இளநீர்கள் எனக்கு முன்னால் பாய்ந்தன. "எவன்டா நீ? ஹெல்மெட்டக் கழட்டு!" என்று கர்ஜித்தேன். கழட்டினால், அது ஜோதிலட்சுமி மேடம்.

"சார், டிராப்புன்னா படிப்ப பாதில வுட்டுட்டு நிக்கறது!" என்றார் அந்த அம்மாள், சிரிப்பை அடக்க முடியாமல். "இவ டெய்லி ஃபர்ஸ்ட் பீரியடுக்கு வர்றதே இல்ல. அட்டெண்டன்ஸ் கொறஞ்சா பரீட்சை எழுத முடியாது, அப்புறம் ஒரேயடியா நின்னுடுவாங்க. அதான் லேட்டா வர்ற புள்ளைங்கள பஸ் ஸ்டாப்புலேர்ந்து நானே ஏத்திக்கினு வரேன். ஏன் லேட்டுன்னா இவ வாயத் தொறக்க மாட்டேங்கறா. வீட்ல இன்னான்னு நீங்கதான் பாக்கணும்."

மலீஹா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மாமா, வுடுங்க" என்றாள். அந்த 'வுடுங்க'வுக்குள் ஒரு பெரிய சதி ஒளிந்திருக்கிறது, ஃபக்ரு! இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு துரோகி உட்கார்ந்துகொண்டு தினமும் பிள்ளையைத் தாமதப்படுத்துகிறான். இடியாப்பத்தை வேண்டுமென்றே மெதுவாகப் பிழிகிற மைமூன் மேல் எனக்குச் சந்தேகம். மாடி வீட்டுச் சடையப்பன் மேல் அதைவிடச் சந்தேகம், அவன் காரணமில்லாமல் சலாம் வைக்கிறான். துரோகியைப் பிடித்து ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஊர்வலம் விடாமல் ஓயமாட்டேன். அதுவரை மாப்பிள்ளை காதுக்கு எதுவும் போகக் கூடாது. உங்கள் எல்லோருக்கும் என் துஆ எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
துரோகிகளின் எமன்,
உன் அண்ணன் சுபஹான்

பி.கு.: ஃபக்ரு, மைமூன் எழுதறேன். கவரப் பிரிச்சுப் படிச்சுட்டேன். துரோகி வேற யாரும் இல்ல, உங்கண்ணன்தான். காலீல ஏழு மணிக்கு செல்போன எடுத்துக்கினு பாத்ரூமுக்குள்ள போனா எட்டு வரைக்கும் வெளிய வர்றதில்ல. புள்ள துண்டும் கையுமா வாசல்ல நிக்கும், கதவத் தட்டாது. மாமா மனசு நோவுமாம். டீச்சராண்ட சொன்னா மாமா மானம் பூடுமாம். எனக்கே நேத்துதான் சொல்லுச்சு. மாப்ளையாண்ட தைரியமா சொல்லு, படிப்பு நிக்காது. பாத்ரூம் கதவோட உள்தாப்பாளக் கழட்டி என் முந்தானையில முடிஞ்சிக்கினேன். இன்னிக்கு உங்கண்ணன் உள்ள போனவரு, யாராச்சும் தொறந்துடப் போறாங்கன்னு பாட்டா பாடிக்கினே இருந்து, அஞ்சே நிமிஷத்துல தலையில சோப்போட வெளிய வந்துட்டாரு. புள்ள இந்நேரம் ஃபர்ஸ்ட் பீரியடுல குந்திக்கினு கீது.