போட்டோவிலிருந்த நிறம்

நஸ்லாவின் முகத்தில் பூசியிருந்த கடலைமாவும் மஞ்சளும் காய்ந்து, வலது கன்னத்தில் வெடிப்பு விட்டபோது மணி இரண்டரை. நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாய் ஜுனைதா விரலில் தயிரைத் தொட்டு அந்த வெடிப்பை அடைத்தாள்.

"உம்மா, அவங்கட பண்ணைக்கு நான்..."

"கதைக்காத மகள். வாய் அசைஞ்சா மத்தக் கன்னமும் வெடிக்கும்."

நஸ்லா வாயை மூடிக்கொண்டாள். மூன்று வாரமாக அவள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் முகத்தில் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. உம்மாவிடம் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்க அவளுக்கு வாய்க்கவேயில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போட்டோ. நஸ்லாவுக்கு இறால் பண்ணைகளில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. மதுரங்குளி தொடக்கம் கற்பிட்டி வரை உச்சி வெயிலில் குளத்து வரம்புகளில் நடக்கிறவள் எப்படி இருப்பாளோ அப்படித்தான் இருந்தாள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டி அவளைப் பால் நிறத்துக்குக் கொண்டுவந்தார். பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னது ஜுனைதாதான். அந்தப் படம் கலியாணத் தரகி லெய்லாவின் கைப்பையில் ஏறி மதுரங்குளியிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. போன பிறகுதான் ஜுனைதாவுக்குப் பயம் பிடித்தது. ஆள் படத்தைப் போல இல்லையென்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்களே. கொடுத்த படத்தைத் திருப்பி வாங்க முடியாது. ஆகவே மகளை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஜுனைதாவின் இந்தப் பயத்தைப் பார்த்துச் சும்மா சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து போயிருந்தது. முதல் இடத்தார் நிறம் போதாது என்று நேரே சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தார் ஒன்றுமே சொல்லி அனுப்பவில்லை. இரண்டு தடவையும் ஜுனைதா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நஸ்லாவுக்கு இருபத்தொன்பது வயது. ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டிலேயே வந்து தங்கப்போகும் மாப்பிள்ளைக்கென்று வீட்டோடு ஓர் அறை எடுத்து, பெயின்ட் அடித்து மூன்று வருஷமாகிறது. இப்போது அதில் வெங்காய மூட்டைகள் குடியிருந்தன. இந்த இடமும் தட்டிப்போனால் தன் பிள்ளையைப் பிடித்ததென்று சொல்ல உலகத்தில் ஒருவருமே இல்லாமல் போய்விடுமோ என்று அவள் பயந்தாள்.

முதலில் ஒரு கிறீம் வாங்கினாள். டப்பாவில் கம்பனியின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. மூடியில் ஒரு வெள்ளைக்காரி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் நஸ்லாவின் முகம் வெளுத்தது, கழுத்து வெளுக்கவில்லை. மூன்றாவது வாரம் முகம் சிவந்து எரிந்தது. அந்த எரிச்சலுக்குத்தான் இன்றைய தயிரும் மஞ்சளும். கழுவிப் பார்த்தபோது எரிச்சல் தணிந்திருந்தது, ஆனால் மஞ்சள் போகவில்லை. மஞ்சளை மறைக்கப் பவுடரை அப்பினாள். எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு சாம்பல் நிறம் வந்தது.

ஜுனைதாவின் கணவர் லத்தீப் எட்டிப் பார்த்தார்.

"என்ன, புள்ள உப்பளத்துல விழுந்துட்டாளா?"

ஜுனைதா அவரை முறைத்து வெளியே அனுப்பினாள். இந்த மனிதரிடம் எதைக் கேட்டும் பிரயோசனமில்லை. போன வாரம் மதுரங்குளிக்குப் போய் மாப்பிள்ளை ரிப்கானைப் பார்த்துவிட்டு வந்தவரும் இவர்தான். தொழுகையாளி, இறால் பண்ணையைத் தனியாகப் பார்க்கிறான், பெரியவர்களிடம் மரியாதையாகக் கதைக்கிறான் என்று ஒப்புவித்தார். முகம் எப்படி என்று கேட்டதற்கு, முகம் இருந்தது என்றார். ஆம்பிளைப் பிள்ளையின் முகத்தைப் பற்றி அதற்கு மேல் விசாரிக்க அவளுக்கும் தோன்றவில்லை.

சாம்பல் நிறத்துக்கு இனி வெளிச்சத்தைக் குறைப்பதுதான் மருந்து. ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். ஹோலில் இருந்த பெரிய பல்பைக் கழற்றிவிட்டு, குளியலறையில் இருந்த சின்ன மஞ்சள் பல்பை மாட்டினாள். முகம் ஒருவாறு மறைந்தது. ஆனால் கைகள் முழங்கை வரை பழைய நிறத்திலேயே இருந்தன. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும், சர்பத் தட்டத்தை நானே கொண்டுவருவேன் என்று மகளுக்குக் கட்டளை போட்டாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளையின் தாய் ஹாஜராவும் மூத்த மகள் பஸீஹாவும் வந்தார்கள். வெயிலிலிருந்து உள்ளே வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸீஹா கையால் தடவிப் பார்த்துக் கதிரையில் உட்கார்ந்தாள். ஹாஜரா ஸலாம் சொன்னதுகூட அலுமாரியைப் பார்த்துத்தான். கரண்ட் ஏதும் குறைவா என்று பஸீஹா மெதுவாகக் கேட்டாள்.

மகளுக்கு வெளிச்சம் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்று ஜுனைதா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, நாள் முழுக்க வெயிலில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றியல்லவா சொல்கிறோம் என்று. அதைச் சமாளிக்க, வீட்டுக்குள் வரும் வெளிச்சம்தான் ஒத்துக்கொள்ளாது என்றாள். இனி வாயைத் திறக்காமல் சர்பத்தைக் கொடுத்துவிடுவோம் என்று குசினிக்குப் போனவள், தட்டத்தோடு திரும்பி வரும்போது விரிப்பின் ஓரம் காலில் தடுக்கியது. இருந்த சர்பத் முழுவதும் ஹாஜராவின் மடியில் கொட்டியது.

பஸீஹா பதறி எழும்பித் திரையை இழுத்துத் திறந்தாள். நாலு மணி வெயில் வீட்டுக்குள் வந்து நேரே நஸ்லாவின் மேல் விழுந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பதற்றத்தில் வெளியே வந்துவிட்ட கைகள் இன்னொரு நிறம். ஜுனைதாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

நஸ்லா எழுந்து பின்னால் போய் சோப் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, பவுடரில்லாத தன் சொந்த முகத்தோடு ஒரு துவாயும் எடுத்து வந்தாள். ஹாஜராவின் காலடியில் குந்தி அபாயாவைத் துடைத்தாள். ஹாஜரா அவளைக் கைபிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். போன வாரத்து மழைக்குக் குளத்துத் தண்ணியில உப்புக் குறைஞ்சிருக்குமா என்று கேட்டாள். நஸ்லா விளக்கமாகப் பதில் சொன்னாள். இருவரும் வெகுநேரம் இறாலைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜுனைதாவால் நம்ப முடியவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை, போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. மாப்பிள்ளையின் படம் ஒன்றும் தான் பார்க்கவில்லையே என்று கேட்டாள். பஸீஹா தாயை ஒரு தரம் பார்த்தாள். ஹாஜரா தலையசைத்ததும் போனை எடுத்து நீட்டினாள்.

ரிப்கான் குளக்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். வாயைச் சுற்றியும் கண்களைச் சுற்றியும் வெண்புள்ளிகள் படர்ந்து நெற்றிவரை போயிருந்தன. அந்தப் படத்தில் யாரும் கைவைத்திருக்கவில்லை.

ஜுனைதாவுக்கு அருவருப்பு ஒன்றும் வரவில்லை, அது அல்லாஹ்வுக்குத் தெரியும். பாவம் இந்தப் பிள்ளை, எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று அவள் மனம் இளகியது. நஸ்லா பட்டதையெல்லாம் இவனும் பட்டிருப்பான். பெற்ற பிள்ளைக்குச் செய்வதை இவனுக்கும் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசை வந்தது.

"நீங்க ஒண்டுக்கும் கவலப்படாதீங்க," என்றாள். "கலியாணத்துக்கு இன்னும் நாள் இருக்குதானே. அதுக்குள்ள நான் இந்தப் புள்ளைட முகத்தைச் சரியாக்கித் தாரேன்."

நஸ்லா கண்களை மூடிக்கொண்டாள்.

ஹாஜரா போனை மெதுவாக வாங்கி மகளிடம் கொடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"நஸ்லாவை எங்களுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும், எங்கட குளத்துக்கு வந்து போற புள்ள. ஆனா கலியாணம் முடிச்சு என்ட மகன் வந்து இருக்கப்போறது உங்கட கண்ணுக்கு முன்னாலதானே, அதால இண்டைக்கு நாங்க பாக்க வந்தது உங்களை."