புதன்கிழமை வந்த பெரிய வெள்ளி

பிடித்த பெண்ணின் வீட்டுக்கு முதன்முறை போகிறவன், கொடுத்த கேக்கைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். நான் கேக்கையும் தின்றேன், வாயையும் திறந்தேன்.

அப்போது பெங்களூர் ஈஜிபுராவில் அறை எடுத்துத் தங்கி ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் சரித்திர டீச்சர். ஜீவனஹள்ளியில் வீடு, கத்தோலிக்கக் குடும்பம். நானோ வேலூர்ப் பக்கத்து முருக பக்தன் (பக்தி, பரீட்சை சமயத்தில் மட்டும்). அவள் அப்பாவுக்கு எங்கள் கல்யாணத்தில் பாதி மனசுகூட இல்லை. ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

அவரை மயக்க நான் கொண்டுபோன ஆயுதம், நானே எழுதிய ஒரு ஆப். எந்தத் தேதியைக் கொடுத்தாலும் கிழமை சொல்லும். அவர் பிறந்த நாள், அவர்கள் கல்யாண நாள் இரண்டுக்கும் சரியாகச் சொன்னது. அவள் அம்மா, ஆன்ட்டி, இன்னொரு துண்டு கேக் வைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய தேதியானாலும் கேளுங்கள் என்று சவால் விட்டேன்.

எனக்கு உதவுவதாக நினைத்து, ரோஸ்லின் மறுநாள் பாடத்துக்குப் படித்து வைத்திருந்த தேதியைக் கொடுத்தாள்: 1498 ஏப்ரல் 15. கோழிக்கோட்டைத் தேடி வந்த போர்த்துகீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையோரம் நின்று ஈஸ்டர் கொண்டாடிய நாள்.

"வெள்ளிக்கிழமை" என்று அறிவித்தேன்.

அங்கிள் தட்டைக் கீழே வைத்தார். "எங்க கோயில்ல ஈஸ்டர் ஞாயித்துக்கிழமைதான் தம்பி வருது."

அங்கேயே சரணடைந்திருக்க வேண்டும். நானோ, அந்தக் காலத்தில் வழக்கம் வேறாக இருந்திருக்கும், கம்ப்யூட்டர் கணக்குத் தப்பாது என்று அவருக்கே விளக்கம் சொன்னேன்.

ஆன்ட்டி உண்மையிலேயே குழம்பிப்போனார். "அப்ப பெரிய வெள்ளி என்னைக்குப்பா வந்திருக்கும்?"

ஏசுவைச் சிலுவையில் அறைந்த நாள், ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்பு. விரல்விட்டு எண்ணினேன். "புதன்கிழமை, ஆன்ட்டி."

சுவரிலிருந்த மாதா படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரோஸ்லின் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வகுப்பில் பேசுகிற நிதானத்தோடு அப்பாவுக்கு விளக்கினாள். அது பழைய ஜூலியன் காலண்டர் தேதி. அதில் லீப் வருஷங்கள் அதிகம் வந்ததால் காலண்டர் பருவங்களுக்குப் பின்னால் போய்விட்டது. 1582இல் போப் பத்து நாட்களை எடுத்துவிட்டார். அக்டோபர் 4 வியாழன் என்றால் மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. என் ஆப் இந்தப் புதுக் காலண்டரையே அந்தக் காலத்துக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"தேதிதான் டாடி தாவுச்சு, கிழமை தாவல. 1582ல பத்து நாள் வித்தியாசம், 1498ல ஒம்பதுதான் சேர்ந்திருந்துச்சு. அதைக் கூட்டணும்" என்றவள், என் போனை வாங்கி ஏப்ரல் 24 என்று தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை என்று வந்தது.

நம் பழைய ராஜாக்களின் சக வருஷக் கணக்கில் தேதி போட்ட கல்வெட்டானாலும் அப்படித்தானாம். எந்தக் காலண்டர் என்று முதலில் பார்க்க வேண்டும், கிழமையெல்லாம் பிறகு. ஒரு வருஷமாக அவளோடு சுற்றியவன் நான். தேதியை ஊறுகாய் மாதிரி நாக்கில் வைத்துப் பார்த்தே எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவமானத்தை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆப் சரியாகத்தான் சொன்னது, நாம் கேட்டதுதான் தப்பு என்று என் பக்கமும் பேசி முடித்தாள். அங்கிள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் உளறினதுக்கே நீ கணக்குப் போட்டு நியாயம் சொல்ற. இனிமே நான் என்னம்மா சொல்றது?"

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர்கள் உறவில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது. போன மாதம் காக்ஸ் டவுனில் ஒரு ஞானஸ்நான விருந்து. அங்கிள் என் தோளில் கைபோட்டு, தன் பழைய நண்பர் ஒருவரிடம் அறிமுகப்படுத்தினார். "நம்ம மாப்ளே. புதன்கிழமை."

நண்பர் மரியாதையாக எழுந்து எனக்குக் கைகொடுத்தார். "கேள்விப்பட்டிருக்கேன்."