ஏழாம் எண் வண்டிக்கு வந்த காய்ச்சல்

நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதனுக்குப் பிறகு வெப்பத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியவர்கள் என்றால், அது நலவாழ்வுத் துறையின் வாகனப் பிரிவினர்தான். ஏழாம் எண் வண்டிக்குள் மூன்று மாதம் அவர்கள் பேணிய வெப்பத்துக்கு உலகில் ஈடு இணை கிடையாது.

சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து ஏற்றிப்போய் ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்புக்கு விடுவதும், முடிந்ததும் வீடு சேர்ப்பதும் அந்த வண்டியின் வேலை. ஓட்டுநர் ஒப்பந்தக்காரர். வருஷத்துக்கொரு முறை வாகனப் பிரிவின் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு வேலை. அதற்கு இன்னும் இரண்டே வாரம் இருந்தது. ஆகவே அவர் வாயைத் திறக்காத மனிதராக இருந்தார். ஏசியைப் போட்டால் சுடுகாற்று முகத்தில் அறைந்தபோதும் திறக்கவில்லை; பணிமனையில் அவ்வப்போது ஏசிக்குக் கேஸ் அடித்துக்கொண்டு வந்ததோடு சரி.

திறக்க வைத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில், உச்சி வெயிலில், "தம்பி, ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறியா?" என்றார்.

"திறந்துதான் டீச்சர் இருக்கு."

"அப்போ மூடிடு" என்றவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார். வந்த வழியே ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். டீச்சர் பிழைத்துக்கொண்டார். ஆனால், "இன்னொரு தடவை இப்படி ஆனா அவங்க இதயம் தாங்காது" என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

துறைப் பணிமனை மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, ஏசிக் குழாயின் மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். குமிழ் குமிழாகப் பொங்கியது.

"பாத்தியா? உள்ள இருக்கிற ரப்பர் வளையம் வெடிச்சுப் போச்சு. கேஸ் எல்லாம் இது வழியாத்தான் வெளியே ஓடுது. கேஸ் இல்லேன்னா கம்ப்ரசர் வேலை செய்யாது. வெளியில இருக்கிற சூடுதான் உள்ள வரும்."

"தெரிஞ்சுமா அண்ணே அஞ்சு தடவை கேஸ் அடிச்சீங்க?"

"கேஸ் அடிக்க என் கையெழுத்தே போதும். வளையம் மாத்தணும்னா குழு பார்த்து எழுதணும்பா."

விதியின் நுட்பத்தை மெச்சத்தான் வேண்டும். கேஸ் வெறும் 'நுகர்பொருள்'. விரல்நுனியில் நிற்கும் வளையமோ 'உறுப்பு மாற்றம்'. நலவாழ்வுத் துறையில் உறுப்பு மாற்றம் என்றால் லேசுப்பட்ட காரியமா?

கண்காணிப்பாளர் தலைமையில் மூவர் குழு கூடியது. வெயில் ஏறினால் 'நடுநிலை' கெட்டுவிடும் என்று விடிந்ததும் விடியாததுமாக வந்து சேர்ந்தார்கள்.

"சூடு சூடுங்கிறீங்களே, எவ்வளவு சூடு?" என்றார் கண்காணிப்பாளர்.

"கையை வச்சுப் பாருங்க சார்" என்றார் ஓட்டுநர்.

"என் கை என்ன அளக்கிற கருவியா?"

துறையிடம் எந்தக் கருவி உண்டோ அதுதானே வரும்? வார்டிலிருந்து காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வந்தது. அதை ஏசித் துவாரத்தில் செருகி, மூவரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பார்த்தவர்கள் யாருக்கோ அஞ்சலி என்று நினைத்திருப்பார்கள்.

"நூத்தி ஒண்ணு" என்றார் கண்காணிப்பாளர்.

"மிதமான காய்ச்சல்தான், பயப்பட ஒண்ணுமில்லை" என்றார் இரண்டாம் உறுப்பினர்.

"இருமல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் மூன்றாமவர்.

"ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் இருக்கு சார்" என்றார் ஓட்டுநர். வேறு என்ன சொல்வார்?

குழு தன் தீர்ப்பை எழுதியது: 'வண்டிக்கு மிதமான காய்ச்சல். மூன்று வாரம் கண்காணிப்பில் வைக்கலாம்.'

"சார், நாளன்னிக்கு டீச்சருக்கு மறுபடி சிகிச்சை இருக்கு."

"அவங்களை ஏன் இதுல இழுக்கிறீங்க? இது வண்டியோட கோப்பு. நோயாளிங்க வேற பிரிவு."

மறுநாள் விடுமுறை. ஆளில்லாத பணிமனைக்குள் வண்டி நுழைந்தது. "என்னை மாட்டிவிட்டுடாதே" என்று முனகியபடியே மெக்கானிக் மிச்ச கேஸை இறக்கினார். பழைய வளையத்தைப் பிடுங்கி, ஓட்டுநர் வாங்கிவந்த புதியதற்கு எண்ணெய் தடவிப் பொருத்தினார். குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கேஸ் அடித்தார். சோப்புத் தண்ணீர் தடவியதில் ஒரு குமிழ் கிடையாது. மூன்று மாதப் பிரச்சினை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

"தம்பி, வண்டியை மாத்திட்டாங்களா?" என்று அடுத்த நாள் வண்டியில் ஏறியதும் கேட்டார் டீச்சர்.

"அதே வண்டிதான் டீச்சர்."

"அப்போ ஆபீஸை மாத்திட்டாங்களா?"

திரும்பும்போது வழி முழுக்க அவர் குழந்தையைப் போலத் தூங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர், பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியை ஊர்ந்துபோக விட்டார்.

வாரக் கடைசியில் குழு வெப்பமானியோடு வந்தது. உதறிவிட்டுச் செருகினார்கள், பாதரசம் அடியைவிட்டு மேலே ஏறவே இல்லை. மூவருக்கும் முகம் வெளிறியது. சிகிச்சையே தராத நோயாளி தானாகக் குணமானால் துறையின் மானம் என்ன ஆவது?

"கோப்புல காய்ச்சலா இருக்கிற வண்டி, ரோட்டுல எப்படிய்யா ஜில்லுன்னு ஓடும்?" என்று கண்காணிப்பாளர் ஓட்டுநரைத் தன் அறைக்கு வரவழைத்துக் குதித்தார். "ரெண்டுல ஒண்ணு பொய். கோப்பு பொய் சொல்லாது!"

ஓட்டுநர் மெக்கானிக்கைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான் சார் வளையம் மாத்தினேன்" என்றார்.

"பழையதையே திரும்ப மாட்டுங்க. குழு முடிவு பண்ற வரைக்கும் பழைய நிலைமைதான் நீடிக்கணும். இப்பவே எழுத்துமூலம் விளக்கம் குடுங்க. உங்க ஒப்பந்தமும் இதே மேசைமேலதான் கிடக்கு, பாத்துக்குங்க."

நீட்டிய தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'வாகனத்தைக் குளிர்விக்க யாரிடம் அனுமதி பெற்றீர்?'

மின்விசிறிக்கடியில் நின்றும் ஓட்டுநருக்கு வியர்த்தது. வீட்டை நினைத்தார், வாடகையை நினைத்தார். சாய்ந்து விழுந்த டீச்சரின் முகமும் கூடவே வந்து தொலைத்தது. பேனாவைத் திறந்து, கோணல் எழுத்தில், ஆனால் மிகுந்த மரியாதையோடு எழுதினார்:

'ஐயா, மூன்று மாதமாக நோயாளிகளை அதற்குள் வைத்து வேகவைக்கத் தாங்கள் யாரிடம் அனுமதி பெற்றீர்களோ, அவரிடம்தான்.'