கால் நனையாமல் கடல் புகுந்த கடிகாரக்காரர்

வாழ்க கடிகாரக்காரர்! நொடிமுள்ளின் நோய் தீர்த்தவர், மயிரிழை வில்சுருளை மூச்சடக்கி நிமிர்த்தியவர், ஒற்றைக்கண் லென்ஸினால் அண்டத்தின் பற்சக்கரங்களை அளந்தவர், முப்பத்தோராண்டுகளாகத் தம் கடைப்படி ஏறிய எந்தக் கைக்கடிகாரத்துள்ளும் மழைத்துளியோ வியர்வைத்துளியோ பாத்திரம் கழுவும் தண்ணீரோ மறுமுறை புகாதபடி ரப்பர் வளையமிட்டு இறுக மூடிய நீர்த்தடுப்பு வேந்தர், ஐந்தடி மூன்றங்குல உயரமும் நாற்பத்தெட்டு அங்குல இடையும் ஒருங்கே வாய்த்த உருண்டைத் திருமேனியர், அன்னாரின் அரும்பெரும் போரைப் பாடப் புகுகின்றோம். அலைகளே, சற்று ஒதுங்கி நில்லுங்கள். தெருநாய்களே, குரைப்பை ஒத்திப் போடுங்கள். மாடிவீட்டுக்காரரே, அந்த மிக்ஸியைக் கொஞ்சம் அணையுங்கள்.

ஆறு நாள் காலத்தைப் பழுதுபார்த்தவர், ஏழாம் நாள் காலத்தைப் போக்கத் தூண்டிலோடு கடலுக்குச் செல்வது வழக்கம். ஆனால் மீன் என்னும் வஞ்சகக் குலம் கரையோரம் வந்து காத்திருப்பதில்லை. முதல் அலை உடைந்து, இரண்டாம் அலை எழும் இடத்துக்கும் அப்பால், இடுப்பளவு நீரில் நிற்பவனுக்கே அது முகம் காட்டும். கரையில் நின்று வீசியவர்க்குக் கிடைத்ததெல்லாம் கடற்பாசியும், ஒருமுறை யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பும். எனவே நம் வீரர் இடுப்பளவு நீரில் இறங்கினார், இறங்கியதால் நனைந்தார், நனைந்ததால் சென்ற குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி கண்டு, பதினோரு நாள், வீட்டுச் சன்னல்கள் அதிர, எதிர்வீட்டுப் பூனை இடம்பெயர, இருமினார்.

அவருடைய இல்லத்தரசியார் வழக்குமன்றத் தட்டச்சர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் சொன்ன தீர்ப்புகளை அடித்து அடித்து, தாமே சொல்லும் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்னும் நிலையை எய்தியவர். பன்னிரண்டாம் நாள் காலை, காப்பிக் குவளையை மேசைமேல் வைத்த ஓசையே முரசொலியாக, அவர் உரைத்தார்:

“இன்னொரு தடவ நனைஞ்சு வந்தீங்க, அந்தத் தூண்டிலைத் தூக்கி யாருக்காச்சும் குடுத்துடுவேன். பதினோரு நாள் நீங்க இருமினதுல எனக்கு நெஞ்சு வலிச்சுது. நனையாம வர்றதா இருந்தா போங்க.”

திசைகள் நடுங்கின. பாலேடு உறைந்தது. இமைக்காத விழியும், துடிக்கும் மீசையும், வெகுண்டெழும் வேங்கை போன்ற நெஞ்சமும் உடையவராய் எழுந்து நின்ற கடிகாரக்காரர், வானமும் கடலும் சாட்சியாக, ஊழிக்கும் அழியாத சூளுரையை உரைத்தார்.

“சரி,” என்றார்.

ஆயுதம் தேடிப் புறப்பட்டார் வீரர். ஆயுதமாவது, காலில் பூட்ஸோடு ஒட்டிப் பிறந்து, தொடை கடந்து, வயிறு கடந்து, மார்பு வரை ஏறி, இரு தோளிலும் வார் போட்டு நிற்கும் நீர்புகாக் காற்சட்டை. தூண்டில் கடையில் நடந்தது விற்பனையன்று, சுயம்வரம். மூன்று காற்சட்டைகள் கொக்கியில் தொங்கியபடி மாலைக்குக் காத்திருந்தன. முதலாவது பிளாஸ்டிக் பூசிய மெல்லியது. பளபளக்கும் மேனி, பாறையில் ஒட்டிய சிப்பியின் முனையைக் கண்ட மாத்திரத்தில் பிளந்துகொள்ளும் கோழை. இரண்டாவது இறகுபோல் இலேசானது. உள்ளே ஊறும் வியர்வையை வெளியே விட்டு, வெளியே நிற்கும் நீரை உள்ளே விடாத நயவஞ்சகம் கற்றது. ஆயினும் அதன் மார்பில் ஓர் உலோக ஜிப் மின்னிற்று. உப்பு என்னும் கரையானுக்கு உலோகமே விருந்து என்பதை எத்தனையோ கடிகாரப் பிணங்களின் வயிற்றில் கண்டறிந்தவர் நம்மவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது பாசிநிறத்தது, கனத்த ரப்பர் மேனியும், முழங்காலில் இரட்டைக் கவசமும், துருவுக்கு அஞ்சாத பிளாஸ்டிக் கொக்கிகளும் தாங்கி, யானைத்தோல் போர்த்த மல்லன்போல் நின்றது.

கண்ணில் லென்ஸை மாட்டினார். இடது குதிகாலில் தொடங்கி வலது குதிகாலில் முடியும்வரை, ஒட்டித் தைத்து மேலே பட்டையும் போட்ட அந்தத் தையலை, அங்குலம் அங்குலமாக, ஒரு மணி நாற்பது நிமிடம் ஆராய்ந்தார். கடைக்காரர் இருமுறை தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார்.

“சார், நீங்க வாங்க வந்தீங்களா, இல்ல ஆபரேஷன் பண்ண வந்தீங்களா?”

“தையல் எங்க முடியுதுன்னு பாக்கறேன்.”

“அது முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன? போட்டுப் பாருங்க சார், கடை சாத்தணும்.”

போட்டுப் பார்த்தார். அங்கே ஒரு சிக்கல் தோன்றிற்று. அவர் வயிற்றுக்கு இடங்கொடுத்த காற்சட்டை, கால்விஷயத்தில் ஏழடி மனிதனை எண்ணித் தைக்கப்பட்டிருந்தது. எனவே முழங்காலுக்குக் கீழே அது ஆர்மோனியத் துருத்திபோல் மடிந்து மடிந்து குவிந்தது. இடம் தாராளமாக இருப்பது நல்லதுதான் என்று வீரர் அமைதி கொண்டார். வரலாற்றில் பல பேரரசுகள் இவ்வாறே வீழ்ந்தன.

அன்றுமுதல் அந்தக் காற்சட்டைக்கு நடந்த உபசாரம் பட்டத்து யானைக்கும் நடந்திராது. ஞாயிறுதோறும் கடலினின்று மீண்டதும், உப்பு ஒரு துகளும் தங்காதபடி நன்னீரில் அலசுவார். உள்ளும் புறமுமாகப் புரட்டி மீண்டும் அலசுவார். கொக்கிகளைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும், மடித்து வைத்தால் மடிப்பில் பிளக்கும் என்பதால், பால்கனி நிழலில், பூட்ஸ் மேலாகவும் மார்பு கீழாகவும் தொங்கவிடுவார். முதல் வாரம் எதிர்வீட்டுக்காரர் போனில் அழைத்து, “சார், பதறாதீங்க, உங்க வீட்ல யாரோ தலைகீழா தொங்கறாங்க,” என்றார்.

இல்லத்தரசியார் ஈரத்துணிக் கூடையோடு அந்தப் பாசிநிற அரக்கன் முன் நின்று கேட்டார்: “இருபத்தாறு வருஷத்துல என் துணி ஒண்ணையாச்சும் நிழல் பாத்துக் காயப் போட்டிருப்பீங்களா?”

வீரர் பல்துலக்கியை எடுத்து இன்னொரு கொக்கியைத் தேய்த்தார். வீரர்க்கு விடை தெரியாத கேள்விகள் உலகில் உண்டு. அவற்றுள் முக்கால்வாசி அந்தப் பால்கனியில் கேட்கப்பட்டன.

பதின்மூன்று ஞாயிறுகள் வெற்றிமேல் வெற்றியாய்க் கழிந்தன. பதினான்காம் ஞாயிறு, கரையேறிப் பூட்ஸிலிருந்து காலை உருவியபோது, இடக்கால் சாக்ஸின் பெருவிரல் நுனியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, ஈரம். பகைவன் கோட்டைக்குள் கால் வைத்துவிட்டான்! உடன்வந்த மைத்துனர், அதாவது இல்லத்தரசியாரின் தம்பி, பேருந்து ஓட்டுபவர், வாரந்தோறும் அரைக்கால் சட்டையோடு தொப்பலாக நனைந்தும் ஒருநாளும் தும்மாத வரம் பெற்றவர், அந்த ஈரத்தைக் குனிந்து பார்த்தார்.

“இதுவா அத்தான்? இது வேர்வை.”

“வேர்வை அஞ்சு விரலுக்கும் வரும் மாப்ள. இது ஒரு விரலுக்கு வந்திருக்கு.”

தடயம் வீடு சேரக் கூடாதென்று, அந்த சாக்ஸை மைத்துனரின் வண்டி எஞ்சின்மேல் விரித்துக் காயவைத்து, மொறுமொறுவென்று அணிந்துகொண்டு வீடு திரும்பினார். கறை படியாத வீரம் எந்தக் காவியத்தில் இருக்கிறது?

பின்பு தொடங்கியது ஓட்டை வேட்டை. காற்சட்டையின் வாயைக் கயிற்றால் இறுக்கி, சைக்கிள் பம்பினால் காற்றடித்து உப்பவைத்து, கூடத்து நாற்காலியில் அமர்த்தி, சோப்பு நுரையை மேனியெங்கும் பூசி, நின்றுபோன கடிகாரத்தின் நெஞ்சில் காது வைப்பதுபோல் அதன் கணுக்காலில் காது வைத்து, மூச்சடக்கி, நான்கு மணி நேரம் முற்றுகையிட்டார். மாலையில் வேலை முடிந்து கதவைத் திறந்த இல்லத்தரசியார், நுரை போர்த்திய தலையில்லாத ஒருவர் தம் நாற்காலியில் அமர்ந்திருப்பதையும், அவர் காலடியில் தம் கணவர் தவழ்வதையும் கண்டார். நேரே உள்ளே போய் முகம் கழுவினார். வழக்குமன்றத்தில் இதைவிட விசித்திரங்களை அவர் தட்டச்சு செய்திருந்தார்.

இடக் கணுக்காலின் மடிப்பில், ஏழாம் மடிப்புக்கும் எட்டாம் மடிப்புக்கும் இடையில், கடுகில் பாதியளவு ஒரு குமிழி எழுந்தது. அகப்பட்டான் பகைவன்! வீரர் பசை தடவினார், ஒட்டுப் போட்டார், இரும்பு எடைக்கல்லை ஏற்றி ஒரு பகலும் ஓர் இரவும் காய விட்டார். அத்தோடு நின்றிருந்தால் இந்தக் காவியம் இங்கேயே மங்களமாக முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தோராண்டு கடிகாரம் மூடிய கை சும்மா இருக்குமா? அடியில் அடைத்தாயிற்று, மார்புப்பக்கம் திறந்தல்லவா கிடக்கிறது? பேரலை ஒன்று எகிறிக் குதித்தால்? பின்மூடி இல்லாத கைக்கடிகாரத்தை எவனாவது கடலில் இறக்குவானா? லாரிச் சக்கரத்தின் பழைய ட்யூபிலிருந்து நான்கு விரல் அகலத்தில் ஒரு வளையம் வெட்டினார். காற்சட்டையின் மேல்விளிம்பும் தம் மார்பும் ஒன்றாக ஒட்டும்படி அதை மாட்டி, மேலே பட்டை போட்டு இறுக்கினார். காற்றும் நுழைய அஞ்சும் கட்டமைப்பு. இல்லை, நுழைந்த காற்று வெளியேற அஞ்சும் கட்டமைப்பு.

மறு ஞாயிறு காலை ஆறரை மணி. மைத்துனர் அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“அத்தான், உள்ள இருக்கற காத்து போக வழி வேணாமா?”

“காத்து போக வழி வெச்சா, அந்த வழியா தூசி வரும் மாப்ள. என் தொழில் எனக்குத் தெரியும்.”

“கடல்ல ஏது அத்தான் தூசி?”

இறங்கினார் வீரர். கணுக்கால் நனைய வேண்டிய இடத்தில் நனையவில்லை. முழங்கால் நனைய வேண்டிய இடத்தில் நனையவில்லை. நீரின் பிடி இறுக இறுக, துருத்தி மடிப்புகளில் பதுங்கியிருந்த காற்றுப்படை முழுவதும் தொடை வழியே ஏறி, வயிற்றைச் சூழ்ந்து, மார்பில் முட்டி, வளையத்தில் மோதி, வழியின்றி அங்கேயே பாசறை அமைத்தது. பருத்த மேனி மேலும் பருத்தது. கொக்கிகள் முனகின. இதனை வெற்றியின் பூரிப்பெனவே கொண்ட வீரர், இடுப்பளவு நீரில் நின்று, கரைநோக்கித் திரும்பி, எட்டுத் திக்கும் எதிரொலிக்க முழங்கினார்:

“பாத்தியா மாப்ள! ஒரு சொட்டு இல்ல!”

அப்போதுதான் தம் குதிகால் தரையில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. முதல் அலை வந்து அவரைத் தாலாட்டிற்று. இரண்டாம் அலை வந்து மல்லாத்திற்று. மூன்றாம் அலை வந்ததும், மார்பில் பாசறையிட்டிருந்த காற்று, அடைபட்ட மன்னன் சுரங்கம் கண்டதுபோல், திமுதிமுவென்று கால்களுக்குள் பாய்ந்தது. பாய்ந்ததும், அந்தோ, நீர்த்தடுப்பு வேந்தரின் இரு பூட்ஸ்களும் வானளாவ எழுந்தன. நீர்த்தடுப்பு வேந்தரின் தலை நீரடியில் சென்றது. கடலின் நடுவே இரட்டைக் கலங்கரை விளக்கம்போல் அவை நின்றன. வலது பூட்ஸின்மேல் ஒரு கடற்பறவை வந்து அமர்ந்தது என்றால் நம்பமாட்டீர்கள். இடது பூட்ஸின்மேலும் ஒன்று அமர்ந்தது.

மைத்துனர் நீந்தி வந்தார். “அத்தான், அந்த வளையத்தைக் கழட்டுங்க! கழட்டுங்க!”

இரண்டு அலைகளுக்கிடையே மேலெழுந்த திருமுகம், வாயிலிருந்து கால்படி கடல்நீரை உமிழ்ந்து, மாற்றமுடியாத உறுதியோடு பிரகடனம் செய்தது: “கழட்டினா தண்ணி உள்ள போயிரும்டா!” பிறகு மறைந்தது.

ஓட்டுநர் பூட்ஸ் இரண்டையும் இரு கைகளில் பற்றி, பழுதான பேருந்தைப் பணிமனைக்கு இழுப்பதுபோல், கரைவரை இழுத்து வந்தார். மணலில் கிடத்திப் பட்டையை அவிழ்த்தபோது, சிறைப்பட்ட காற்று புஸ்ஸென்று நெடுமூச்செறிந்து விடுதலையாயிற்று. வீரர் இருமினார், கண்ணிலிருந்து மணலைத் துடைத்தார், பூட்ஸைக் கழற்றினார், சாக்ஸைத் தொட்டுப் பார்த்தார். பெருவிரல் நுனிவரை உலர்ந்திருந்தது. அவர் முகத்தில் மலர்ந்த ஒளியைக் கண்டு, இவருக்கு மூளையில் நீர் ஏறிவிட்டதோ என்று மைத்துனர் அஞ்சினார்.

வீட்டு வாசலில் மன்றம் கூடிற்று. கழுத்துக்கு மேலே சொட்டச் சொட்ட, இடுப்புக்குக் கீழே அறுவடை வைக்கோல்போல் உலர்ந்து, இரு பருவங்களும் ஓருடலில் குடிகொண்டவராக வீரர் நின்றார். சாக்ஸ் அணிந்த காலைச் சற்றே முன்னே நீட்டி வைத்தார். இல்லத்தரசியார் குனிந்து காலைத் தொட்டார். நிமிர்ந்து தலைமயிரைத் தொட்டார். சட்டைக் காலரைப் பிடித்து மெல்லப் பிழிந்தார். கடலின் ஒரு பகுதி தரையில் விழுந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை, அத்தானின் தோளைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. அதைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது.

“கால் நனையல. ஒத்துக்கறேன். அதுக்காகத் தலைக்கும் ஒரு மூடி செஞ்சுடாதீங்க.”

வீரர் திடுக்கிட்டார். கழுத்தில் ரப்பர் வளையமும் முகத்தில் கண்ணாடியும் கொண்ட ஒரு மூடியின் வரைபடம், வீடு வரும் வழியிலேயே அவர் உள்ளத்தில் முக்கால்வாசி முடிந்திருந்தது.

“இந்தாடா தம்பி, தூண்டிலை நீயே வெச்சுக்கோ. உனக்குத்தான் எதுவும் ஆகறதில்ல. நீங்க போய்த் தலையைத் துவட்டுங்க.”

இவ்வாறாக, எழுகடலும் சூழ்ந்து தாக்கியும் தையல் வழியே ஒரு துளி புகவிடாத பெருவீரர், பூட்ஸின் உயரத்தில் வெற்றியும் தலையின் ஆழத்தில் தோல்வியும் கண்ட இருமுகச் சமரர், படைக்கலம் துறந்தும் கொள்கை துறவாத கோமான், கரைகளெல்லாம் கையெடுத்து வணங்க, மீன்குலமெல்லாம் நிம்மதிப் பெருமூச்செறிய, வரலாற்றின் வாயிற்படியைக் கடந்து நெடும்புகழ் எய்தினார்.

மறு ஞாயிறு, கடையில் அரைக் கிலோ மீன் வாங்கிக்கொண்டு வரும்போது மழையில் நனைந்துவிட்டார்.