எங்கள் கோழிகள் போய்வந்த ஊர்கள்

திருத்தணி,
புதன்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அருள்முருகன் அவர்களுக்கு, மாமனார் வேடியப்பன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை பிரேமாவும் சுகம். கோழிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேவலும் மறுநாள் மூன்று பெட்டைகளும் செத்ததும், கால்நடை நோய் ஆராய்ச்சியில் இருக்கும் நீங்கள் போனில், "பறவைக் காய்ச்சலான்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும் மாமா. மூணு வாரமா நம்ம கோழிங்க எங்கெங்க போச்சுன்னு எழுதி, போட்டோ புடிச்சு அனுப்புங்க. ஒரு ஊரு விட்டுப்போனாலும் அங்க பரவிடும்" என்றீர்கள். பத்தாவதில் இரண்டு முறை தவறிய எனக்கு ஆராய்ச்சியில் கிடைத்த முதல் வேலை. எல்லா ஊரையும் போனிலேயே சொல்லியிருப்பேன். அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். காரணம் கீழே வருகிறது.

முதலாவது, செவலைக் கோழி. அடை வைக்க வேண்டுமென்று பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் கோதண்டபாணி இரவல் வாங்கிப் போய், குஞ்சு பொரித்ததும் பத்து நாள் முன்புதான் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். நேற்று விஷயத்தைச் சொன்னதும், "ஏன்யா, கோழியக் குடுத்தியா, வியாதியக் குடுத்தியா?" என்றார். "அதான் தெரியல, ஆபீசர் வர்ற வரைக்கும் குஞ்சுங்கள வெளிய விடாத" என்றேன்.

இரண்டாவது, பக்கத்து வீட்டுக் குப்பம்மாள். அவளுடைய கோழிகளுக்கு ராத்திரி மட்டும்தான் அவள் வீடு, பகலெல்லாம் நம் வாசல்தான். நேற்று தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு போட்டவர்கள் வந்து மாதிரி எடுத்துப்போனதிலிருந்து நோய் உறுதியானால் தன் கோழிகளையும் கொன்றுவிடுவார்கள் என்று அவள் என்னோடு பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் தன் சேவலிடம் பேசுகிறாள். "தோ போறான் பாரு, உன்னக் காட்டிக்குடுத்தவன்! நல்லாப் பாத்துக்கோ!" சேவலும் பார்க்கிறது.

மூன்றாவது இடத்தை எழுதக் கை வரவில்லை. மகள் தேவயானி கல்யாணத்தின்போது, இனிமேல் சேவல் சண்டைப் பக்கமே போகமாட்டேன் என்று அத்தையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நான். பொங்கலுக்கு மறுநாள் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டு, சேவலைத் துண்டில் சுற்றி ஆந்திரா பக்கம் ஒரு மாந்தோப்புக்குப் போனேன். நம் சேவல் எதிராளியைக் கண்டதும் திரும்பி ஓடிவந்து என் வேட்டிக்குள் புகுந்துகொண்டது. தோப்பே சிரித்தது. சண்டை நடக்கவில்லைதான், ஆனால் இருபது சேவல்களும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன. அதுதான் இங்கே முதலில் செத்ததும். நான்தான் இதைக் கொண்டுவந்து தெருவுக்கே கொடுத்தேனோ என்று சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. என் மேல் மரியாதை குறைந்தாலும் பரவாயில்லை, பட்டியலில் ஊர் குறையக் கூடாது என்றுதான் எழுதிவிட்டேன். அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

உங்களுக்கும் தேவயானிக்கும் பேத்தி அபிக்கும் தணிகைமலையான் ஒரு குறையும் வைக்கமாட்டான்.

இப்படிக்கு,
வே. வேடியப்பன்

பி.கு.: போட்டோ எடுக்குமுன் மனசு கேட்காமல் அத்தையிடமே படித்துக் காட்டிவிட்டேன். கரண்டி பறக்கும் என்று தள்ளி நின்றுதான் படித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல, "நம்ம பொட்டுக்கோழியப் பூனை தூக்கினு போச்சுன்னு சொன்னேன் இல்ல? பூனை இல்ல. எல்லாத்தையும் கொன்னுடுவாங்கன்னு திங்கக்கெழமையே திருவாலங்காட்டுல தங்கச்சி ஊட்ல விட்டுட்டு வந்துட்டேங்க" என்றாள்.

"எதுல எடுத்துகினு போன?"

"பஸ்லதான். மடியில வெச்சிகினு."

ஆகவே மேலே உள்ள பட்டியலை ஓரமாக வையுங்கள். முதலில் திருவாலங்காட்டுக்கு ஆள் அனுப்புங்கள். கோழியைக் கூடையை விட்டு எடுக்காதே, தொடாதே என்று அத்தை தன் தங்கையிடம் போனில் அழுதுகொண்டிருக்கிறாள். மாந்தோப்பைப் பற்றி இதுவரை பேச்சே எழவில்லை.